விளக்கை அணைக்கும் மே மாதம்

(நியூ ஆர்லியன்ஸ் தமிழர்களின் மாதக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியைப் பார்த்தபடியே என்னையும் கேட்கப்போகும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘நியூ ஆர்லியன்ஸின் வசந்தம்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அசேலியாப் பூ, மக்னோலியா மணம், ஏரிக்கரைக் காற்று என்று பேசுவேன் என நினைத்திருக்கலாம். பூச்சிகளோடு பிழைப்பு நடத்துகிறவனிடம் வசந்தத்தை ஒப்படைத்தால் அவன் பூச்சியைத்தான் பேசுவான். குற்றம் என்னுடையதல்ல, அழைத்தவர்களுடையது.

முதலில் வானிலை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கிலிருந்து குளிர்காற்று அடிக்கடி இறங்கி வருகிறது. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று ஏறி வருகிறது. இரண்டும் மோதும் நாளில் இடி, மழை, சில நேரம் சுழற்காற்று. மே பிறப்பதற்குள் வடக்குக் காற்றின் வலு குறைந்துவிடுகிறது. அட்லாண்டிக் மீது பெர்முடாப் பக்கம் நிலைகொள்ளும் உயரழுத்தம், வளைகுடாவின் ஈரத்தை நாள் தவறாமல் நம் வாசலுக்கு அனுப்பி வைக்கிறது. சென்னையில் ஆண்டுக்கு 1,400 மி.மீ. மழை என்றால் இங்கே ஏறத்தாழ 1,600 மி.மீ. அதுவும் ஒரு பருவத்தில் கொட்டித் தீர்க்காமல் ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கிறது. மண் காய்வதே இல்லை. மாலை ஏழு மணிக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறதே, அந்தப் புழுக்கம் நமக்குத் தொல்லை. பூச்சிக்கு அதுதான் நல்ல நேரம். உடல் சிறுத்திருப்பதால் அது வெளியே வந்தால் விரைவில் உலர்ந்துபோகும். காற்றே ஈரமாக இருக்கும் இரவில் அந்த அச்சம் இல்லை.

ஆகவே இந்த ஊரில் வசந்தம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பூச்சியை வைத்தே சொல்லிவிடலாம். பனிக்காலம் முடிந்து ஓக் மரங்கள் பழைய இலையை உதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது பக் மாத் என்ற அந்துப்பூச்சியின் கம்பளிப்புழுக்கள் அந்தத் தளிரைத் தின்று வளர்கின்றன. ஏப்ரலில் கூட்டுப்புழு ஆவதற்காக மரத்தைவிட்டு இறங்குகின்றன. நடைபாதையில், பூங்கா இருக்கையில், சில நேரம் சட்டைக் காலருக்குள்ளும் விழுகின்றன. முள்ளில் நஞ்சு இருக்கிறது. பட்டால் தீப்பட்டதுபோல் எரியும். குழந்தைகளை ஓக் மரத்தடியில் வெறுங்காலோடு விடாதீர்கள். பட்டுவிட்டால் தேய்க்கக்கூடாது. ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்தால் முட்கள் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மாநிலத் தலைநகரான பேட்டன் ரூஜ் பக்கம் குடியிருப்பவர்கள் 2027-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண்ணுக்குள்ளிருந்து வரும் சிள்வண்டுக் கூட்டம் கடைசியாக 2014-இல் வந்தது. அவை கடிக்காது, கொட்டாது. காதைப் பொத்திக்கொண்டால் போதும்.

அடுத்தது லவ்பக். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஒரு கூட்டம். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் இன்னொரு கூட்டம். கறுப்பு உடல், கழுத்துப் பக்கம் செம்மை, ஆணும் பெண்ணும் பிணைந்தபடியே பறக்கும். இங்கிருந்து பேட்டன் ரூஜுக்குக் காரில் போய்வந்தால் வண்டியின் முகப்பு முழுக்க அப்பியிருக்கும். ஃபுளோரிடாவில் ஏதோ ஆய்வுக்கூடத்தில் கொசுவை ஒழிக்க உண்டாக்கிய பூச்சி, தப்பித்துவிட்டது என்று ஒரு கதை பல்லாண்டாக உலவுகிறது. அது வெறும் கதை. நடு அமெரிக்காவிலிருந்து வளைகுடாக் கரையோரமாகவே வடக்கே பரவிய பூச்சி அது. டெக்சாஸின் கால்வெஸ்டனில் பிடித்த பூச்சிகளை வைத்து 1940-இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். மரபணுவை மாற்றி ஒரு பூச்சியை உண்டாக்க அப்போது யாருக்கும் தெரியாது. 

ஏன் நெடுஞ்சாலைக்கே வந்து சாகிறது என்று கேட்பீர்கள். அதன் புழுக்கள் மட்கிய இலைதழைகளைத் தின்பவை. தாய்ப்பூச்சி முட்டையிட மட்கிய இடத்தைத் தேடுகிறது. வண்டிப் புகை வெயிலில் பட்டு மாறும்போது உண்டாகும் சில வேதிப்பொருள்கள் அதை ஈர்க்கின்றன என்று 1970-களின் ஆய்வுகள் காட்டின. சூடான சாலையும் ஈர்க்கிறது. அது கடிப்பதில்லை, நோய் பரப்புவதில்லை. ஒட்டிய பூச்சியை வெயிலில் காயவிட்டால் வண்டியின் வண்ணப்பூச்சு கெடும். அன்றைக்கே நீர் விட்டுக் கழுவினால் வேலை முடிந்தது. இதற்குப் போய் மருந்து அடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். காசு மிஞ்சியிருக்கிறது போலும்.

இனி நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதம் இரண்டாம் ஞாயிறு அன்னையர் நாள். அதையொட்டிய வாரங்களில், காற்று அசையாத, புழுங்கும் மாலையில், அந்தி மங்கி எட்டு எட்டரை ஆகும்போது தெருவிளக்கைச் சுற்றி மஞ்சள் படலம்போல் ஈசல் எழும். பகலில் மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்து எல்லாம் ஓய்ந்துவிடும். காலையில் சன்னல் விளிம்பெங்கும் சிறகுகள் உதிர்ந்து கிடக்கும்.

புதிதாக வந்த நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? வெளி விளக்கைப் போட்டு, அடியில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா சிரிக்கிறார்கள், செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது. தவறில்லை. மழைக்கால மாலையில் புற்றிலிருந்து எழும் ஈசலைப் பிடித்து, வறுத்து, பொரியோடு கலந்து தின்று வளர்ந்த தலைமுறை நம்மிடையே இருக்கிறது. ஆனால் அந்த ஈசல் வேறு, இந்த ஈசல் வேறு. ஊரில் புற்றுக் கட்டும் கறையான் பெரும்பாலும் புற்றுக்குள் பூஞ்சை வளர்த்துச் சாப்பிடும் வகை. அது உத்திரத்தை அரிக்காமல் விடும் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதன் கூடு எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். இங்கே பறப்பது ஃபார்மோசன் கறையான். இதற்கு வெளியே தெரியும் புற்று கிடையாது. மண்ணுக்கடியில், உயிருள்ள ஓக் மரத்தின் உள்ளே, உங்கள் சுவரின் இடைவெளியில், மண்ணும் மரத்தூளும் எச்சிலும் குழைத்து அட்டைபோல் ஒரு கூட்டைக் கட்டிக்கொள்ளும்.

இந்த மண்ணுக்குச் சொந்தமான கறையானும் உண்டு. அதன் ஈசல் கறுப்பு. பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, பகலில் பறக்கும். அதன் கூட்டில் சில லட்சம் பேர் இருந்தாலே பெரிது. ஃபார்மோசன் கூடு முற்றிவிட்டால் பல லட்சங்கள் தாண்டிக் கோடியைக்கூட நெருங்கலாம். இரை தேடி நூறு மீட்டர் வரை மண்ணுக்கடியில் சுரங்கம் ஓட்டும். அடுத்த வீட்டுக்காரரின் மரத்தில் இருக்கும் கூடு உங்கள் சமையலறை அலமாரியைத் தின்னலாம். வேலித் தகராறு அதற்குப் புரியாது.

இது எப்படி இங்கே வந்தது? தைவானின் பழைய பெயர் ஃபார்மோசா. அங்கே கிடைத்த மாதிரிகளை வைத்து ஷிராக்கி என்ற அறிஞர் 1909-இல் இதை விவரித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பூர்வீகம் தென் சீனம் என்று கருதுகிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து பசிபிக் பகுதியிலிருந்து ராணுவத் தளவாடங்கள் திரும்பி வந்தன. பெட்டிகளும் முட்டுக்கட்டைகளும் மரம். அந்த மரத்துக்குள் இதுவும் வந்து இறங்கியது. 1965-இல் ஹூஸ்டன் துறைமுகப் பகுதியில் கண்டுபிடித்தார்கள். 1966-இல் நியூ ஆர்லியன்ஸிலும் லேக் சார்லஸிலும். கண்டுபிடித்தபோது வந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. ராணுவக் கிடங்குகள் இருந்த இடங்களைச் சுற்றித்தான் முதலில் பரவியது. பிறகு அதைப் பரப்பியவர்கள் நாம். ரயில்வே கழித்துப்போட்ட பழைய தண்டவாளக் கட்டைகளை மலிவாக வாங்கித் தோட்டத்துக்கு வரப்புப் போட்டோம். மேலே தார் எண்ணெய், உள்ளே கறையான் கூடு. தானாகப் பறந்தால் சில நூறு மீட்டர் போகும் பூச்சியை லாரியில் ஏற்றி நூறு மைல் கொண்டுபோனோம்.

நல்ல மருந்து என்று நம்பியிருந்த குளோர்டேன் நஞ்சைக் கறையானுக்குப் பயன்படுத்துவதும் 1988-இல் நிறுத்தப்பட்டது. மண்ணிலும் உடலிலும் பல்லாண்டு தங்கும் நஞ்சு அது; நிறுத்தியது சரி. 1998-இல் கூட்டரசின் பணத்தில் ‘ஆபரேஷன் ஃபுல் ஸ்டாப்’ என்ற திட்டம் ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில் தொடங்கியது. தனி வீட்டுக்கு மருந்து போட்டால் பயனில்லை, தெருத் தெருவாக எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே நேரத்தில் செய்தால்தான் பயன் என்பது அதன் அடிப்படை. ஒட்டுச்சுவர்களோடு நெருங்கி நிற்கும் இருநூறு ஆண்டுக் கட்டடங்களில் வேறு வழியுமில்லை. ஈசல் பொறிகளில் விழும் எண்ணிக்கை குறைந்தது. பிறகு நிதி நின்றது. எந்த அரசுத் திட்டமும் கறையானைவிட நீண்ட ஆயுளோடு பிறப்பதில்லை.

2005-இல் கத்ரீனா சூறாவளி வந்தபோது ஊரின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. கறையான் ஒழிந்தது என்று சிலர் மகிழ்ந்தார்கள். மரங்களுக்குள் இருந்த கூடுகள் பல பிழைத்துக்கொண்டன. இடிந்த வீடுகளின் மரச்சட்டங்களை வெளியூர் கொண்டுபோனால் கறையானும் போகும் என்று அஞ்சி, மாநில வேளாண் துறை அவற்றைக் கொண்டுசெல்லத் தடை போட்டது.

இப்போது ஈசலுக்கே திரும்புவோம். மே இரவில் நீங்கள் பார்க்கும் அந்தப் பல்லாயிரத்தில் ஏறக்குறைய எல்லாமே விடிவதற்குள் சாகும். சுவர்ப் பல்லிகள் தின்னும், எறும்பு தின்னும், மீதி உலர்ந்து போகும். எல்லாக் கூடுகளும் ஒரே மாலையில் பறப்பதன் கணக்கும் இதுதான்: தின்னுகிறவன் வயிறு நிறைந்தாலும் சில மிஞ்ச வேண்டும், வேறு கூட்டின் துணை கிடைக்கவும் வேண்டும். தரையில் விழுந்ததும் சிறகைத் தானே கழற்றிப்போட்டுவிட்டு, பெண் முன்னும் ஆண் பின்னுமாக ஓடி ஈரமான மரத்தைத் தேடும். அப்படிப் பிழைத்த இணையும் முதலாண்டில் சில டஜன் வேலைக்காரக் கறையான்களைத்தான் வளர்த்தெடுக்கும். உங்கள் வீட்டை அரிக்கும் அளவுக்குப் பெருக ஆண்டுகள் பிடிக்கும்.

ஆகையால் பறக்கிற ஈசலின் மேல் ஸ்பிரே அடிப்பதில் பயனில்லை, துடைப்பம் போதும். அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. ஒரு கூடு ஈசல் விடும் அளவுக்கு முற்ற மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வேண்டும். தெருவிளக்கில் ஈசல் மொய்த்தால் அக்கம்பக்கத்தில் முற்றிய கூடு இருக்கிறது. சன்னல் கதவெல்லாம் மூடியிருந்தும் வீட்டுக்குள் ஈசல் மொய்த்தால் கூடு உங்கள் சுவரில் இருக்கிறது. மறுநாளே ஆளைக் கூப்பிடுங்கள். செத்த ஈசல் சிலவற்றைச் சிறகோடு ஒரு சிறு குப்பியில் போட்டு வையுங்கள். வருகிறவருக்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

ஈரத்தைப் பாருங்கள். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் சுவரடியில் தேங்குகிறதா? கூரை ஒழுகுகிறதா? கூரை ஒழுகி மரம் நனைந்திருந்தால் ஃபார்மோசன் கறையான் மண்ணைத் தொடாமலே மூன்றாம் மாடியில் குடித்தனம் நடத்தும். கறிவேப்பிலைத் தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து நாள்தோறும் நீர் ஊற்றுகிற வீடுகள் நம்முடையவை. ஓரடி தள்ளி வையுங்கள், செடி கோபித்துக்கொள்ளாது.

வேப்பெண்ணெய் தெளிக்கலாமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்கிறார். தெளித்த இடத்தில் சற்றுத் தயங்கும். கூட்டில் இருக்கும் லட்சக்கணக்கானவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் நான்-யாவ் சூ என்பவர் உருவாக்கி, 1990-களின் நடுவில் சந்தைக்கு வந்த தூண்டில் இரை முறை வேறு வகை. வீட்டைச் சுற்றி மண்ணில் புதைக்கும் குழாய்களுக்குள் நஞ்சிட்ட இரை இருக்கும். நஞ்சு உடனே கொல்லாது. கறையான் தோலுரித்துப் புதுத்தோல் கட்டுவதைத் தடுக்கும். அதற்குள் வாய்க்கு வாய் ஊட்டிக் கூடு முழுக்கப் பரவிவிடும். பல மாதம் ஆகும், பொறுமை வேண்டும். பொறுமையில்லாதவர்கள் வீட்டைச் சுற்றி மண்ணில் நீர்மருந்து செலுத்தும் முறையை எடுக்கலாம். அதுவும் பயன் தரும்.

கடைசியாகப் பணம். சாதாரண வீட்டுக் காப்பீடு கறையான் சேதத்துக்குக் காசு தராது. லூசியானாவில் வீடு வாங்கும்போது மரம் அரிக்கும் பூச்சிகளைப் பற்றிய ஆய்வறிக்கை கேட்டு வாங்குங்கள். கறையான் ஒப்பந்தம் ஏற்கெனவே இருக்கும் வீடானால் அது உங்கள் பெயருக்கு மாறுமா என்று கேளுங்கள். அந்த ஒப்பந்தத்தில் மறுபடி மருந்து போடுவதாக மட்டும் எழுதியிருக்கிறதா, அரித்த மரத்தை மாற்றித் தருவதாகவும் எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். ‘கறையான்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஃபார்மோசனை மட்டும் விலக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. இந்த ஊரில் அப்படி ஒரு தாளுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவதைவிட அந்தப் பணத்துக்கு இறால் வாங்கிச் சாப்பிடலாம்.

நன்றி, வணக்கம். கேள்விகளைக் கேளுங்கள்.