முரசின் மறுபக்கம்

வணக்கம் நேயர்களே.

ஜப்பானிய முரசைப் பற்றி வானொலியில் பேசுவதில் ஒரு சிக்கல் உண்டு. தைகோ எனப்படும் அந்த முரசின் ஒலியில் பாதிதான் காதுக்குரியது. மீதிப் பாதி நெஞ்சுக்கூட்டிலும் அடிவயிற்றிலும் வந்து இறங்கும். அதை எந்த ஒலிபெருக்கியாலும் உங்கள் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே முழக்கத்தை விட்டுவிட்டு, முழக்குகிறவர்களின் பிழைப்பைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். நான் எடுத்துக்கொண்டிருப்பது 'கோடோ' என்னும் குழு.

ஜப்பானின் நீகாட்டா துறைமுகத்திலிருந்து கார் ஏற்றும் கப்பலில் இரண்டரை மணி நேரம் போனால் சாடோ தீவு. ஒரு காலத்தில் ஆட்சியாளர்களுக்கு ஆகாதவர்களைக் கொண்டுபோய்விட்ட இடம். பதவியிழந்த பேரரசர் ஜுன்டோகு, துறவி நிச்சிரென், நோ என்னும் மரபு முகமூடி நாடகத்தின் பேராசான் செஅமி என்று அங்கே அனுப்பப்பட்டவர்களில் பெரிய பெயர்கள் உண்டு. கோடோ குழுவினர் தாங்களாக விரும்பி அங்கே குடியிருக்கிறார்கள். அவர்களுடைய ஆண்டு ஏறத்தாழ மூன்று பங்காகப் பிரிகிறது. ஒரு பங்கு வெளிநாட்டுப் பயணம், ஒரு பங்கு ஜப்பானுக்குள் பயணம், ஒரு பங்கு தீவில். 1984-இல் தொடங்கிய அவர்களுடைய உலகப் பயணம் இதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைத் தொட்டிருக்கிறது.

கதை கோடோவுக்கு முன்பே தொடங்குகிறது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென் டகயாசு என்பவர் நகரத்து இளைஞர்கள் சிலரைச் சாடோவுக்குத் திரட்டினார். தீவில் கைவினைகளுக்கு ஒரு கல்லூரி கட்ட வேண்டும், அதற்கான பணத்தை முரசு கொட்டிச் சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். குழுவுக்கு ஒண்டெகோசா என்று பெயர். ஓட்டமும் முரசும் ஒன்றே என்பது அவருடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதம் எதுவரை போயிற்று என்றால், 1975-இல் பாஸ்டன் மாரத்தானில் 42 கிலோமீட்டர் ஓடி முடித்த கையோடு அந்த இளைஞர்கள் மேடையேறி முரசு கொட்டினார்கள். இதைக் கலை என்பதா, கிறுக்கு என்பதா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கல்லூரி எழும்பவில்லை. 1981-இல் டென்னுக்கும் இளைஞர்களுக்கும் ஒத்துவராமல் போயிற்று. குழுவின் பெயரையும் முரசுகளையும் எடுத்துக்கொண்டு அவர் தீவைவிட்டுப் போனார். மிஞ்சியவர்கள் கோடோ என்ற பெயரில் அதே ஆண்டு பெர்லினில் அரங்கேறினார்கள். அவர்களை வழிநடத்திய கவாவுச்சி தொஷியோ 1987-இல் ஒரு விபத்தில் இறந்துபோனார். அவர் கனவு கண்ட கோடோ கிராமம் மறு ஆண்டுதான் திறக்கப்பட்டது.

மேடையில் பார்க்கும்போது இது ஆயிரம் ஆண்டுப் பழமை என்றே தோன்றும். உண்மை வேறு. முரசு பழையது. கோயிலிலும் திருவிழாவிலும் நாடகத்திலும் அதற்கு நெடுங்காலமாக இடம் உண்டு. ஆனால் பல அளவு முரசுகளை ஒன்றாக நிறுத்தி, அதையே ஒரு முழு நிகழ்ச்சியாக நடத்துவது 1951-இல் நாகானோ பகுதியில் ஒகுச்சி டைஹாச்சி தொடங்கிவைத்தது. அவர் ஜாஸ் டிரம்ஸ் வாசித்தவர். கோவணம் மட்டும் கட்டிய முரசுக்காரரின் அந்தப் புகழ்பெற்ற கோலம்கூட, பாரிஸில் ஒண்டெகோசா ஆடியபோது ஆடை வடிவமைப்பாளர் பியர் கார்டன் சொன்ன யோசனை என்பார்கள். இதைக் கேட்டுச் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு மரியாதை கூடத்தான் செய்தது. பாட்டன் சொத்தாக வந்த கலை என்றால் காத்தால் போதும். இதையோ உடம்பை வருத்தி உண்டாக்க வேண்டியிருந்தது.

அந்த வருத்தம் எப்படிப்பட்டது என்று பார்க்க 'யாதாய்பயாஷி' என்ற உருப்படி ஒன்று போதும். சிச்சிபு நகரத்தின் டிசம்பர் மாதத் தேர்த்திருவிழாவிலிருந்து வந்தது. அங்கே முரசுக்காரர்கள் தேரின் உள்ளே, நிமிர இடமில்லாத பொந்தில் உட்கார்ந்து கொட்டுவார்கள். வெளியே யாருக்கும் தெரியாது. அதை மேடைக்குக் கொண்டுவந்தபோது அந்த உட்காரலைத் தண்டனையாகவே மாற்றிவிட்டார்கள். முரசை இரு தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பின்னால் சாய வேண்டும். முதுகு தரையில் படக் கூடாது, நிமிர்ந்தும் விடக் கூடாது. பாதி எழுந்த அந்த நிலையிலேயே நிமிடக்கணக்கில் கொட்ட வேண்டும். வயிற்றுத் தசை நடுங்குவது முன்வரிசைக்குத் தெரியும். கைதான் வாசிக்கிறது என்று நினைப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

பிறகு ஓ-டைகோ, பெருமுரசு. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்தது, சுமார் 400 கிலோ. வண்டி போன்ற தாங்கியின் மேல் ஆளுயரத்துக்கு மேலே ஏறி நிற்கும். கொட்டுகிறவர் நமக்கு முதுகு காட்டி, முரசுக்கு முகம் காட்டி, இரண்டு தடித்த கோல்களைத் தலைக்கு மேல் ஓங்குவார். இந்த நிலையை வடித்தெடுத்தவர் ஹயாஷி எய்டெட்சு. கோடோ தொடங்கிய சில மாதங்களிலேயே பிரிந்து தனிக்கலைஞரானவர். பின்னாளில் புஜிமோட்டோ யோஷிகாசு இதைப் பல ஆண்டுகள் தம்முடையதாக்கிக்கொண்டார். எல்லாருடைய கண்ணும் அந்த முதுகில்தான். ஆனால் முரசுக்கு இரண்டு முகம் உண்டல்லவா? மறுபக்கத் தோலில், பார்வையாளருக்கு ஏறக்குறைய மறைந்து, இன்னொருவர் நின்று மாறாத அடித்தாளத்தைப் போட்டுக்கொண்டிருப்பார். முன்னால் நிற்பவர் விரைவதும் நிறுத்துவதும் திமிறுவதும் அந்த அடித்தாளத்தின் துணிவில்தான். கைதட்டல் முக்கால்வாசி முன்பக்கத்துக்கே போகும்.

இவ்வளவு சொன்ன பிறகும், என்னைக் கேட்டால், அவர்களுடைய மிகக் கடினமான உருப்படி மிகவும் மெதுவானதுதான். இசையமைப்பாளர் இஷீ மாகி 1976-இல் எழுதிய 'மோனோகுரோம்'. ஏழு பேர் மண்டியிட்டு, சிறிய ஷிமே முரசுகளை முன்னால் வைத்துக்கொண்டு, காதைத் தீட்டினால்தான் கேட்கும் அளவில் தொடங்குகிறார்கள். ஏழும் ஒரே கைபோல ஏற வேண்டும். பலத்தால் மறைத்துக்கொள்ள அங்கே வழியில்லை. ஒரு குச்சி முந்தினால் அரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும்.

இதில் சேர விரும்புகிற இளைஞர் முதலில் போகும் இடம் பயிற்சி மையம். தீவில் மாணவர்கள் இல்லாமல் மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் அது. இரண்டு ஆண்டு. கைபேசி இல்லை, தொலைக்காட்சி இல்லை, மது, புகை இல்லை. விடிவதற்கு முன் எழுந்து ஓட்டம், பிறகு துடைப்பதும் சமைப்பதும். நெல் வயலில் இறங்குவது பாடத்தின் பகுதி. கொட்டும் கோலைத் தானே செதுக்கிக்கொள்ள வேண்டும். பாட்டு, நாட்டார் ஆட்டம், புல்லாங்குழல், நோ, தேநீர்ச் சடங்கு எல்லாம் உண்டு. முரசுப் பாடத்தை முதலில் வாய்ச்சொற்கட்டாகவே ஏற்றுக்கொள்கிறார்கள்: தோன், தொகோ, த்சு, கா. இரண்டு ஆண்டு முடித்துவிட்டால் இடம் நிச்சயம் என்றும் சொல்ல முடியாது. தேர்ந்தெடுக்கப்படுகிற சிலருக்கு மேலும் ஓராண்டு தகுதிகாண் காலம். கண்டிப்பு கொஞ்சம் அதிகம் என்று தோன்றலாம். ஆனால் ஆண்டில் பெரும்பகுதியை ஒரே வண்டியிலும் ஒரே ஒப்பனை அறையிலும் கழிக்கப் போகிறவர்களுக்கு, சேர்ந்து சமைத்துச் சேர்ந்து கழுவத் தெரிவது தாளத்துக்குக் குறைந்த பாடமல்ல.

பயணத்தில் இன்னொரு தொல்லை தோல். மாட்டுத்தோல் ஊரின் காற்றுக்குத் தக்கபடி நடந்துகொள்ளும். ஈரமான ஊரில் தளர்ந்து சுருதி இறங்கும், வறண்ட ஊரில் விறைக்கும். சிறு முரசுகளை இறுக்கிக்கொள்ளலாம். ஆணியடித்த பெரு முரசுகளை அப்படி எளிதில் வழிக்குக் கொண்டுவர முடியாது. லாரியிலிருந்து இறக்குவது, நிறுத்துவது, நிகழ்ச்சி முடிந்து வியர்வை காய்வதற்குள் திரும்ப ஏற்றுவது ஆகிய வேலைகளில் கலைஞர்களும் கைகொடுக்கிறார்கள்.

தோல் என்றதும் சொல்லாமல் கடக்க முடியாத ஒன்று. ஜப்பானில் மாட்டுத்தோல் பதனிட்டவர்களும் முரசு செய்தவர்களும் நூற்றாண்டுகளாகத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டார்கள். வழிபாட்டுக்கும் திருவிழாவுக்கும் முரசு வேண்டும், செய்தவன் வேண்டாம். அந்த ஒதுக்கலுக்குச் சட்டத்தில் 1871-லேயே முடிவு கட்டினார்கள். திருமணத்திலும் வேலையிலும் அது நெடுங்காலம் தொடர்ந்தது. முரசுத் தொழிலுக்குப் பேர்போன ஒசாகாவின் நானிவாவில் 1987-இல் அந்தச் சமூகத்து இளைஞர்கள் 'இகாரி' என்ற குழுவைத் தொடங்கினார்கள். செய்து கொடுத்தவர்களின் பிள்ளைகள் தாங்களே கொட்டத் தொடங்கினார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கோடோவுக்கு வருவோம். 2012-இல் அவர்கள் கபுகி என்னும் மரபு நாடகத்தின் நடிகர் பாண்டோ டமசபுரோவைக் கலை இயக்குநராக்கினார்கள். பெண் வேடத்தில் பேர்பெற்றவர். வியர்வையும் தசையுமாக இருந்த மேடையில் அவர் ஒளியையும் நளினத்தையும் நாடகத்தையும் புகுத்தினார். மேல்நாட்டு டிரம் செட்டைக்கூட நிறுத்தினார். எல்லாம் பொருந்தியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் முப்பது ஆண்டு கைதட்டல் வாங்கித் தந்த ஒன்றை ஒதுக்கிவைக்கத் துணிந்தார்களே, அது பெரிது. 2016-இல் அவர் விலகினார். முன்பு பெரும்பாலும் ஆட்டத்திலும் பாட்டிலும் நின்ற பெண்கள் இப்போது ஆண்களோடு சமமாக முரசுக்கு முன்னால் நிற்கிறார்கள். இதைச் செய்ய இவ்வளவு காலம் எடுத்திருக்க வேண்டாம்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். சாடோவின் ஒகி என்னும் துறைமுக ஊரில் 1988 முதல் கோடோ ஒரு விழா நடத்துகிறது; வழக்கமாக ஆகஸ்டில். வெளிநாட்டுக் கலைஞர்களும் வருவார்கள், கற்றுக்கொள்ளப் பட்டறைகளும் உண்டு. ஊர் சிறியது. தங்கும் அறையை மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள். இருக்கை வாங்கும்போது ஓரத்தில் கிடைத்தால் தயங்க வேண்டாம். பெருமுரசின் பின்னால் நிற்பவர் அங்கிருந்துதான் தெரிவார்.

நன்றி, வணக்கம்.