41 வினாடிப் பிழை

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

"வானியலில் பிஎச்.டி. பண்ணணும்னா, வானியல்னு தனியா டிகிரி வேணுமா சார்?" எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது இது. வேண்டாம். இயற்பியல் முதுகலையே போதும். ஜெஸ்ட் அல்லது நெட் என்ற தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?" என்று கவலைப்படும் பெற்றோருக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்.

நுழைவது பற்றி இவ்வளவு போதும். நுழைந்த பிறகு மனம் எப்படி மாற வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். முதுகலை வரை சரியான விடைக்கு மதிப்பெண். ஆய்விலோ, அந்த விடை எவ்வளவு பிசகியிருக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லியாக வேண்டும்.

இந்தப் புதுச்சேரியிலேயே அதற்கொரு சாட்சி உண்டு. சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து புறப்பட்டவர் வானியலாளர் லெ ழாந்தீல். 1761இல் ஊர் ஆங்கிலேயர் கையில், அவர் நடுக்கடலில். ஆடும் கப்பலில் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக 1769 வரை காத்திருந்து, இங்கே ஆய்வுக்கூடமும் அமைத்தார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. நம்மூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் கற்றார். எழுதுகோல் இல்லாமல், சோழிகளை வைத்தே கணக்கிடும் முறை அது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தை அந்த முறையில் கணித்தபோது உண்மையைவிட 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற வானியலாளர் மாயரின் சந்திர அட்டவணைப்படி 68 வினாடி கூடியது. இரண்டின் பிழையையும் அவர் எழுதிவைத்தார். அதனால்தான் இன்றும் அதைப் பேச முடிகிறது.

ஜவ்வாது மலையில் காவலூர் 2.3 மீட்டர் தொலைநோக்கியில் விண்மீனைப் படமெடுப்பவரும் இதைத்தான் செய்கிறார். கருவி தானாகச் சேர்க்கும் அளவைக் கழிக்க பயாஸ் படம், அதன் சீரற்ற உணர்திறனைச் சரிசெய்ய ஃப்ளாட் படம், ஒப்பிட்டுப் பார்க்க ஒளிர்வு தெரிந்த இன்னொரு விண்மீன். இத்தனையும் எடுத்த பிறகுதான் தன் விண்மீன் பக்கம் வருகிறார். ஆய்வின் தொடக்க மாதங்கள் பெரும்பாலும் இதிலேயே போகும். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் ஆய்வாளர் உருவாவது அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிஎச்.டி. சேர்க்கை கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். 2015இல் நம் நாடு ஏவிய வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டின் தரவுகள் இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. கடலூரில் வீட்டில் இருந்தபடியே இறக்கி, பைத்தான் என்ற கணினி மொழி கொண்டு ஒரு விண்பொருளின் ஒளிர்வை வரைந்து பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும், அது எவ்வளவு பிசகியிருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோடு போடுங்கள். ஆய்வு நெறியாளரைப் பார்க்கப் போகும்போது அந்த வரைபடத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர்களிடமும் தனியாகப் பேசிவிட்டு, அதன் பிறகு சேருங்கள்.

வணக்கம்.