பெர்லினுக்குப் போன கடிதங்கள்

வானொலி நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

1801ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஒரு துறவி கடிதம் எழுத உட்கார்ந்தார். அன்று அவர் எழுதியவற்றுள் ஒன்று பெர்லினுக்கு, இன்னொன்று மிலான் நகருக்கு. சரியாக நான்கு வாரம் கழித்து, பிப்ரவரி 21ஆம் தேதி, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் ஒரு ஜெர்மானியர் பேனாவை எடுத்தார். அவர் எழுதியதும் பெர்லினுக்குத்தான். முன்னவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பின்னவர் காட்டில் செடி பறித்துக்கொண்டிருந்தவர். இந்த இரண்டு கடிதங்களைப் பற்றியும், அதே காலத்தில் நம் தரங்கம்பாடியிலிருந்து அதே பெர்லினுக்குப் போன சில பொட்டலங்களைப் பற்றியும் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

அந்தக் காலத்துக் கடிதத்தைக் கொஞ்சம் மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். எழுதிய தாளையே மடித்து, மேலே முகவரி எழுதி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைப்பார்கள். பெரும்பாலும் கூலி கொடுப்பவர் கடிதத்தைப் பெறுகிறவர்தான். தாள் ஒன்று கூடினால் கூலியும் கூடும். ஆகவே எழுதுகிறவர் ஒவ்வொரு வரியையும் யோசித்துத்தான் எழுதுவார். அறிவியல் செய்தி என்றால் யோசிக்க இன்னொரு காரணமும் உண்டு. கையில் இருப்பதில் எவ்வளவை எழுதுவது, எவ்வளவை நம்மிடமே வைத்துக்கொள்வது?

பலெர்மோத் துறவிக்கு அந்தக் கேள்வி நன்றாகவே தெரியும். அவர் பெயர் ஜியூசெப்பே பியாட்சி. அரண்மனைக் கோபுரத்தின் உச்சியில் அவருடைய வானாய்வகம் இருந்தது. லண்டனில் ராம்ஸ்டன் என்ற கைதேர்ந்த கருவிக் கலைஞர் செய்து கொடுத்த, ஐந்தடி விட்டமுள்ள அளவு வட்டம் ஒன்று அங்கே இருந்தது. அதைக் கொண்டு விண்மீன்களின் அட்டவணை ஒன்றைத் தயாரித்துவந்தார் பியாட்சி. ஒரே விண்மீனைப் பல இரவுகள் திரும்பத் திரும்ப அளப்பது அவர் வழக்கம். அந்தப் பொறுமைதான் அவருக்குக் கைகொடுத்தது. ஜனவரி முதல் தேதி இரவு, ரிஷப ராசிப் பகுதியில் மங்கலான ஒரு புள்ளியை அளந்து குறித்தார். மறுநாள் பார்த்தால் அது இடம் மாறியிருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே.

பெர்லினில் இருந்த வானியலாளர் போடெயிடம் இதை ஒரு வால்மீன் என்றே எழுதினார். அளவுகளில் இரண்டே இரண்டைத்தான் கொடுத்தார்: ஜனவரி 1இல் புள்ளி இருந்த இடம், 23இல் இருந்த இடம். மிலானில் இருந்த ஒரியானி அவருக்கு நெருங்கிய நண்பர். நண்பரிடம் மனம் திறந்தார். வால்மீன் என்று அறிவித்திருக்கிறேன், ஆனால் இதைச் சுற்றிப் புகைபோன்ற ஒளி எதுவும் இல்லை, நகர்வோ மெதுவாகவும் சீராகவும் இருக்கிறது, வால்மீனைவிட மேலான ஒன்றாக இருக்குமோ என்று பலமுறை எனக்குத் தோன்றியது, ஆனாலும் இதை நான் வெளியில் சொல்லப்போவதில்லை என்பது அந்தக் கடிதத்தின் சாரம். ஒரே நாளில் எழுதிய இரண்டு தாள்களில் ஒரே மனிதர் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பியாட்சி மீது தனி அன்பு பிறக்கிறது. ஊருக்குச் சொல்லத் துணிவு வராத ஆசையை நண்பரின் காதில் மட்டும் சொல்வது நாம் எல்லாரும் செய்வதுதானே.

அந்த நண்பரின் கைக்குக் கடிதம் எப்போது போய்ச் சேர்ந்தது தெரியுமா? ஏப்ரல் 5ஆம் தேதி. இத்தாலியின் தெற்கு முனையிலிருந்து வடக்கே போக 71 நாட்கள். போர்க்காலம் அது. பெர்லின் கடிதம் மார்ச் 20ஆம் தேதி கிடைத்தது. போடெ அதைப் படித்தவுடனே இது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பலர் எதிர்பார்த்திருந்த புதுக் கோள் என்று முடிவு கட்டிவிட்டார். ஆனால் அதற்குள் பியாட்சி நோயில் விழுந்திருந்தார். பிப்ரவரி 11ஆம் தேதிக்குப் பிறகு அவரிடம் அளவுகள் இல்லை. 41 நாள் இடைவெளியில் மொத்தம் 24 முறை அளந்திருந்தார். புள்ளியோ சூரிய ஒளியின் பக்கம் போய் மறைந்துவிட்டது.

முழு அளவுகளையும் பியாட்சி ஏப்ரலில்தான் மற்றவர்களுக்கு அனுப்பினார். கிரீனிச் வானாய்வகத்தின் தலைவர் மாஸ்கலின் இதற்காக ஒரு கடிதத்தில் அவரைக் கடுமையாகவே சாடினார். கிடைத்த ருசியான கவளத்தை ஆறு வாரம் தானே வைத்துக்கொண்டார், அந்தக் கஞ்சத்தனத்துக்குத் தண்டனையாகத்தான் நோய் வந்தது என்கிற பொருளில் எழுதினார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. மாஸ்கலினைச் சுற்றி வானியலாளர்கள் பலர் இருந்தார்கள். பியாட்சி ஒரு தீவின் ஓரத்தில் இருந்தார். பாதையைத் தானே கணக்கிட்டு, இது கோள்தான் என்று உறுதி செய்துகொண்டு உலகத்திடம் சொல்ல ஆசைப்பட்டார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1800 செப்டம்பரில் ஜெர்மனியின் லிலியன்தால் என்ற ஊரில் ஃபொன் ஸாக் என்ற வானியலாளரின் முயற்சியில் ஒரு கூட்டம் நடந்தது. அந்தக் கோளைத் தேடுவதற்காக ராசி மண்டலத்தை 24 பங்காகப் பிரித்து, 24 பேரிடம் ஒப்படைக்கத் திட்டம் போட்டார்கள். அந்தப் பட்டியலில் பியாட்சியின் பெயரும் இருந்தது. அழைப்புக் கடிதம் அவருக்கு வந்து சேரவில்லை. வராத அழைப்புக்குரிய வேலையை அவர் செய்து முடித்திருந்தார்.

ஃபொன் ஸாக் நடத்திய பத்திரிகையின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘மாதாந்தரக் கடிதப் போக்குவரத்து’ என்று வரும். வந்த கடிதங்களையே அச்சிட்டு எல்லாருக்கும் அனுப்பினார். பியாட்சியின் அளவுகள் அதில் செப்டம்பரில் வெளிவந்தன. பிரவுன்ஷ்வைக் நகரில் 24 வயது இளைஞர் ஒருவர் அதைப் படித்தார். அவர்தான் கணித மேதை கவுஸ். வானத்தில் அந்தப் புள்ளி நகர்ந்த சிறு துண்டிலிருந்து முழுச் சுற்றுப்பாதையையும் கணக்கிட்டு, இன்ன நாளில் இன்ன இடத்தில் தேடுங்கள் என்று ஃபொன் ஸாக்குக்கு எழுதினார். மற்றவர்கள் சொன்ன இடத்துக்கும் அவர் சொன்ன இடத்துக்கும் நல்ல தூரம். டிசம்பர் 7ஆம் தேதி ஃபொன் ஸாக் கண்ணில் ஏதோ பட்டது. பிறகு மேகம் மூடியது. 31ஆம் தேதி உறுதிப்பட்டது. மறுநாள், அதாவது பியாட்சி பார்த்த நாளுக்குச் சரியாக ஓராண்டு கழித்து, பிரேமன் நகர மருத்துவர் ஒல்பர்ஸும் அதைக் கண்டார். செரஸ் என்று பெயர் பெற்ற அந்தப் புதுக் கோள், இன்று நாம் குறுங்கோள் என்று சொல்வது, கவுஸ் சொன்ன இடத்தருகிலேயே இருந்தது.

அந்த ஜனவரியில் கவுஸுக்கும் ஒல்பர்ஸுக்கும் இடையே தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1840இல் ஒல்பர்ஸ் இறக்கும்வரை நீடித்தது. 38 ஆண்டுகள்! கவுஸும் பியாட்சியைப் போலத்தான்; தம் கணக்கு முறையை 1809வரை முழுதாக வெளியிடவில்லை. ஆனால் அதன் சுருக்கத்தை 1802லேயே ஒல்பர்ஸுக்கு எழுதி அனுப்பிவிட்டார். தம் மூத்த பிள்ளைகள் மூவருக்கு ஜோசப், வில்ஹெல்மினா, லூயி என்று பெயர் வைத்தார். பியாட்சி, ஒல்பர்ஸ், செரஸைப் போன்ற சிறுகோள்களில் மூன்றாவதைக் கண்ட ஹார்டிங் ஆகியோரின் முதற்பெயர்கள் அவை. பெரும்பாலும் தாளில் வளர்ந்த உறவு, வீட்டுக்குள் வந்து தொட்டிலில் உட்கார்ந்துவிட்டது.

இனி ஹவானாவுக்குப் போவோம். அங்கிருந்து எழுதியவர் அலெக்சாண்டர் ஹம்போல்ட். பெர்லினில் அதைப் பெற வேண்டியவர் தாவரவியலாளர் வில்டெனோ. இளம் வயதில் ஹம்போல்ட்டைத் தாவரவியல் பக்கம் திருப்பிவிட்டவர். ஹம்போல்ட்டும் அவர் தோழர் போன்ப்ளானும் ஒரினோக்கோ ஆற்றுக் காடுகளில் சேகரித்த செடிகள் அப்போது மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கடலிலோ இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சண்டை. எந்தக் கப்பல் பிடிபடும், எது மூழ்கும் என்று யாருக்கும் தெரியாது. ஹம்போல்ட் செடிகளை மூன்று பங்காக்கினார். ஒரு பங்கு ஹவானாவிலேயே தங்கியது. ஒரு பங்கு இங்கிலாந்து வழியாக ஜெர்மனிக்கு. இன்னொரு பங்கு ஸ்பெயின் வழியாகப் பிரான்சுக்கு. இந்தக் கடைசிப் பங்கைக் கொண்டுபோகும் பொறுப்பை ஹுவான் கொன்சாலெஸ் என்ற இளம் துறவி ஏற்றுக்கொண்டார். அவர் ஏறிய கப்பல் ஆப்பிரிக்கக் கரையோரம் உடைந்தது. செடிகளோடு அவரும் போய்விட்டார். ஹம்போல்ட் காட்டில் முதலைக்கும் காய்ச்சலுக்கும் தப்பியவர். அவருடைய நண்பர் தபால் கொண்டுபோன வழியில் செத்தார்.

இங்கிலாந்து வழியாக அனுப்பத் துணிந்ததற்குக் காரணம் இருந்தது. லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்த ஜோசப் பேங்க்ஸ் தாமே ஒரு தாவரவியலாளர். 1796இல், லபிலார்தியேர் என்ற பிரெஞ்சுக்காரரின் செடிகள் போரில் பிடிபட்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தன. பேங்க்ஸ் அரசிடம் வாதாடி அவற்றைப் பிரான்சுக்கே திருப்பி அனுப்பினார். உயிரைப் பணயம் வைத்துச் சேகரித்தவரின் ஒரு கருத்தைக்கூடத் திருட மாட்டேன் என்ற உறுதியோடு அதைச் செய்தார். எதிரி நாட்டுச் செடி மூட்டையைப் பிரித்துத் தம் பெயரில் வெளியிட அவருக்கு எல்லா வசதியும் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

வில்டெனோவின் மேசைக்கு ஹவானாவிலிருந்து மட்டும் செடி வரவில்லை. தரங்கம்பாடியிலிருந்தும் வந்தது. அப்போது அது டென்மார்க்கின் வசம் இருந்த ஊர். அங்கே இருந்த கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த ராட்லரும், மருத்துவர் கிளைனும் சோழநாட்டுக் கரையோரச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிவந்தார்கள். ராட்லர் 1776இல் வந்தவர். 1836இல் சென்னையில் மறையும்வரை நம் மண்ணிலேயே வாழ்ந்தவர். தமிழ் கற்றோர் அவரை அகராதிக்காரராக அறிவார்கள். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1834இல் அச்சாகத் தொடங்கியது. அதே மனிதர் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்வந்த வழியில் கண்ட செடிகளைக் குறித்து எழுதியது, வில்டெனோவின் குறிப்புகளோடு 1803இல் பெர்லினில் அச்சானது. சொல்லையும் செடியையும் ஒரே கை பறித்திருக்கிறது.

அது எவ்வளவு பாடு என்பதை நான் கொஞ்சம் அறிவேன். கல்லூரியில் தாவரவியல் படித்தபோது ஐப்பசி மழையில் செடிகளை உலர்த்தினோம். செய்தித்தாளுக்கு நடுவே இலையைப் பரப்பி, மேலே பலகையும் கல்லும் வைத்து, தினமும் தாளை மாற்ற வேண்டும். ஒருநாள் மறந்தால் போதும், மறுநாள் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடும். பூவின் நிறம் பழுப்பாகிவிடும். எங்களுக்கு மின்விசிறி இருந்தது. கடற்காற்றில் உப்பு ஈரம் ஊறும் தரங்கம்பாடியில், கரையானும் எறும்பும் அண்டாமல், ஆறு மாதக் கப்பல் பயணத்தையும் தாங்கும்படி அவர்கள் உலர்த்தி அனுப்பியிருக்கிறார்கள்.

பெர்லினில் வில்டெனோ அவற்றைப் பிரித்து, பெயரிட்டு, தம் பெரிய தாவர நூலில் சேர்த்தார். தாம் நேரில் பார்த்த செடிகளுக்கு அதில் சிறு அடையாளம் இருக்கும். இரண்டு லத்தீன் எழுத்துகள் ‘உலர்ந்ததைக் கண்டேன்’ என்பதற்கு. வேறு இரண்டு ‘உயிரோடு கண்டேன்’ என்பதற்கு. உலர்ந்ததை மட்டும் பார்த்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடும் அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. பக்கத்தில் இன்னொரு குறியும் இருக்கும். ஓராண்டில் மடியும் செடிக்குச் சூரியனின் குறி. ஈராண்டுச் செடிக்குச் செவ்வாய். பல்லாண்டுப் பூண்டுக்கு வியாழன். மரத்துக்கும் புதருக்கும் சனி. அந்தந்தக் கோள் ஒரு சுற்று வர எடுக்கும் காலத்தை வைத்து செடிகளுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் காலத்திலிருந்து வந்த வழக்கம் இது. முப்பது வருடம் வாழ்ந்தவரும் இல்லை, தாழ்ந்தவரும் இல்லை என்று சனியின் சுற்றை வைத்துப் பழமொழி சொல்லும் நமக்கு இது உடனே புரியும். செடிகாரர்கள் கோளின் குறியைக் கடன் வாங்கினார்கள். வானியலாளர்களோ பியாட்சியின் புதுக் கோளுக்குப் பயிர்களின் தேவதையான செரஸின் பெயரை வைத்து, கதிர் அறுக்கும் அரிவாளை அதற்குக் குறியாக்கினார்கள்.

ஹம்போல்ட்டின் செடிகளை ஆராய வில்டெனோ 1810இல் பாரிஸ் போனார். உடல்நலம் கெட்டுத் திரும்பினார். 1812இல் காலமானார். அவர் சேர்த்த உலர்செடித் தாள்களைப் பெர்லின் வாங்கி வைத்துக்கொண்டது. 1943 மார்ச் முதல் தேதி இரவு குண்டு விழுந்து, பெர்லின் தாவரவியல் தொகுப்பின் பெரும்பகுதி எரிந்து சாம்பலானது. வில்டெனோவின் தாள்களைப் பத்திரமாகத் தனியே எடுத்து வைத்திருந்ததால் அவை தப்பின. ஹம்போல்ட் அனுப்பிய செடிகளும், கிளைன் தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய செடிகளும் இன்றும் அங்கே அடுத்தடுத்த அட்டைகளில் இருக்கின்றன.

நன்றி. வணக்கம்.