ஸ்கைரிமில் நடந்தே போவது ஏன்?

[திரையில்: மேகம் மூடிய மலையுச்சி. அடிவாரத்தில் ஒரு கல் பாலம்.]

வணக்கம். கணினியில் திறந்த உலக ரோல்பிளே விளையாட்டுகளை, அதாவது ஒரு பாத்திரமாக மாறிப் பெரிய உலகில் விரும்பியபடி சுற்றும் விளையாட்டுகளைப் புதிதாக ஆடத் தொடங்குபவர்களுக்கான விளக்கம் இது. 2011 நவம்பர் 11 அன்று பெதஸ்டா வெளியிட்ட ஸ்கைரிமை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அதில் பழகிக்கொண்டவர் இந்த வகையைச் சேர்ந்த வேறு எந்த விளையாட்டிலும் தடுமாற மாட்டார். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: முதல் இருபது மணி நேரமாவது வரைபடத்தில் ஓர் இடத்தைச் சொடுக்கி நொடியில் அங்கே போய்விடும் ஃபாஸ்ட் டிராவலைத் தொடாமல், நடந்தே போங்கள்.

செங்கோட்டைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. இங்கிருந்து புனலூருக்கு ரயில் ஏறியவர் பகவதிபுரத்தில் கண்ணயர்ந்து புனலூரில் விழித்தால், ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் ஆரியங்காவுக்கு முந்தைய குகையையும், கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தையும், நம் பக்கத்துச் சாரல் அந்தப் பக்கம் கனத்த மழையாக மாறுவதையும் பார்த்திருக்க மாட்டார். ஃபாஸ்ட் டிராவலும் அத்தகைய உறக்கமே.

[திரையில்: திசைகாட்டிப் பட்டை.]

திரையின் மேலே உள்ள திசைகாட்டிப் பட்டையைக் கவனியுங்கள். நீங்கள் இன்னும் போகாத இடம் அதில் உள்ளே நிரப்பப்படாத கோட்டுருவாகத் தெரியும். போய்ச் சேர்ந்ததும் அது வெள்ளையாக நிரம்பும். குகை, பழைய கோட்டை, சுரங்கம், ஆற்றோரக் குடில் என்று எதுவானாலும், அருகில் நடந்து போனால்தான் அந்த உருவம் முளைக்கும். விளையாட்டை உருவாக்கியவர்கள் தங்கள் உழைப்பில் பெரும்பகுதியை இரண்டு ஊர்களுக்கு நடுவே கொட்டி வைத்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

நடப்பவருக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. ஒரு குகைக்குள் முதன்முறை கால் வைக்கும்போது, அன்றைய உங்கள் பாத்திரத்தின் நிலையை (லெவல்) ஒட்டி அங்குள்ள எதிரிகளின் வலிமை பெரும்பாலும் நிர்ணயிக்கப்பட்டு, அப்படியே நின்றுவிடுகிறது. ஆகவே தொடக்கத்திலேயே ஒரு குகையைக் கண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, தோற்று ஓடி வந்தாலும் நட்டமில்லை. பத்து நிலைகள் உயர்ந்தபின் திரும்பிப் போனால், அன்று விரட்டியவர்கள் இன்று உங்கள் வாளுக்கு ஈடு கொடுக்க மாட்டார்கள். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். நாம் வளர்ந்திருக்கிறோம் என்பதை எண்களைவிட இது நன்றாக உணர்த்துகிறது.

இத்தனை பெரிய உலகத்தைக் கணினி எப்படித் தாங்குகிறது என்று கேட்கலாம். முழு உலகமும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருப்பதில்லை. நிலப்பரப்பு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் நிற்கும் கட்டத்தை நடுவில் வைத்து, ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கில் 25 கட்டங்கள் மட்டுமே முழு விவரத்துடன் ஏற்றப்படுகின்றன. அதற்கு அப்பால் தெரியும் மலை, விவரம் குறைக்கப்பட்ட வடிவம்தான். நெருங்க நெருங்க அதில் மரமும் பாறையும் புதராகப் படர்ந்த செடியும் வந்து சேர்வதை, வேகத்தைக் குறைத்து நடந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் பதிப்பு 32 பிட் நிரலாக இருந்ததால் நினைவகத்துக்கு எல்லை இருந்தது; 2016 அக்டோபரில் வந்த சிறப்புப் பதிப்பு 64 பிட்டுக்கு மாறியது. புதிதாக வாங்குபவர்கள் அதையே வாங்குங்கள்.

[திரையில்: விசைப்பலகையில் எஃப்5.]

நடப்பதற்கு ஒரு விலையும் உண்டு. விளையாட்டு தானாகச் சேவ் செய்வது, அதாவது அதுவரை ஆடியதைப் பதிந்துவைப்பது, பெரும்பாலும் கதவைக் கடக்கும்போதும், உறங்கும்போதும், ஃபாஸ்ட் டிராவல் செய்யும்போதும்தான். திறந்த வெளியில் நெடுநேரம் நடப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. ஓர் ஆடி மாதத்து மாலையில் மலைக்காற்று வீசி எங்கள் தெருவில் மின்சாரம் போனபோது, இரண்டு மணி நேர நடை முழுவதையும் இழந்து இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எதிரி கண்ணில் படும்போதெல்லாம், உடனே சேவ் செய்யும் எஃப்5 விசையை அழுத்திவிடுகிறேன். அது ஒரே கோப்பின்மேல் மீண்டும் மீண்டும் எழுதுவதால், ஒவ்வோர் ஊரிலும் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்வதும் அவசியம்.

கால் வலிக்கும் தூரமென்றால் வைட்ரன் நகரக் குதிரை லாயத்துக்கு வெளியே வண்டிக்காரர் இருக்கிறார். பெரிய நகரங்களுக்கு 20 பொற்காசு, சிறிய ஊர்களுக்கு 50.

[திரையில்: ஐவர்ஸ்டெட் கிராமம், பனிப் படிகள்.]

நடையின் அருமையை ஒரே இடத்தில் காட்டச் சொன்னால், ஐவர்ஸ்டெட்டிலிருந்து ஹை ஹ்ரோத்கர் மடத்துக்கு ஏறும் பாதையைக் காட்டுவேன். அதை ஏழாயிரம் படிகள் என்கிறார்கள். ஏறுவதற்கு முன் பாலத்தருகே கிளிம்மெக் என்ற மீனவரிடம் பேசுங்கள். மலைமேல் இருக்கும் துறவிகளுக்கு உணவுப்பொருள் சுமந்து போய்க்கொண்டிருந்தவர் அவர். இப்போது படியேறக் கால்கள் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி ஒரு பையை உங்களிடம் தருவார். சபரிமலைக்கு இருமுடி சுமந்து ஏறியவர்களுக்கு அந்தப் பையின் கனம் சொல்லாமலே விளங்கும். வழியில் பனி ட்ரோல் என்ற மூர்க்கமான அரக்க விலங்கு ஒன்று காத்திருக்கும். தொடக்க நிலையில் அதனோடு மோத வேண்டாம், ஓடிக் கடந்துவிடுங்கள்.

பாதையோரம் பத்துக் கற்பலகைகள் இருக்கின்றன. ஒன்றையும் விடாமல் நின்று வாசியுங்கள். விளையாட்டின் கடிகாரம் நம்முடையதைவிட 20 மடங்கு வேகமாக ஓடுவதால், அங்கே ஒரு முழு நாள் என்பது நமக்கு 72 நிமிடம். பத்தாவது பலகை மடத்தின் வாசலில் இருக்கிறது. அதையும் வாசித்து முடித்ததும் ஒரு வரம் கிடைக்கும்: விளையாட்டுக் கணக்கில் ஒரு நாள் முழுவதும் எந்த விலங்கும் உங்களைத் தாக்காது, உங்களைக் கண்டு ஓடவும் செய்யாது. கிளிம்மெக்கின் பையை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டு, எஃப்5 அழுத்திவிட்டு, அதே படிகளில் இறங்குங்கள். ஏறும்போது சீறிய ஓநாய்கள் இப்போது பாதையோரம் பேசாமல் நிற்கும்.