மார்கழியில் கடல் எந்தப் பக்கம் அமைதி?

வணக்கம். கனடாவில், ஸ்காபரோவிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "டிசம்பரில் பிள்ளைகளோடு கொழும்பு வெள்ளவத்தையில் மாமி வீட்டுக்கு வருகிறோம். இங்கே குளிர்காலத்தில் கடற்கரையை எட்டியும் பார்ப்பதில்லை. அங்கே அந்த நேரம் என்ன செய்யலாம், என்ன சாப்பிடலாம்? நிலாவெளியில் நாலு நாள் நிற்கலாமா?" அந்தக் கடைசி வரியை வாசித்ததும், இதற்கு இன்றைக்கே பதில் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா, கிழக்குக் கரையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற நிலாவெளி அழகான இடம். ஆனால் அதை ஆடி, ஆவணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்திருக்கும்: இலங்கையில் கடலுக்குப் போக முதல் காற்றைப் பாருங்கள். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கரை கொந்தளிக்கும், கிழக்கு அமைதியாகக் கிடக்கும். வாடை என்கிற வடகிழக்குக் காற்று தொடங்கினால் அப்படியே மாறிவிடும். டிசம்பரில் கிழக்கே மழையும் அலையும்தான். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களில் பலர் சோளகத்துக்குக் கிழக்கே போய் வாடி என்கிற தற்காலிகக் கொட்டில் போட்டுத் தொழில் செய்துவிட்டு, வாடைக்கு ஊர் திரும்புவார்கள். அவர்கள் எந்தக் கரையில் நிற்கிறார்களோ அந்தக் கரைக்குப் போங்கள்.

குளிரைப் பற்றிப் பயமே வேண்டாம். விடியற்காலையில்கூட 22, 23 பாகைதான். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழை இருக்கும், டிசம்பரிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், ஜனவரி பிறந்தால் நன்றாகக் குறைந்துவிடும்.

சரி, முதல் நாள் பின்னேரம் நாலு மணிபோல வெள்ளவத்தையில் கோட்டை நிலையத்துக்குப் போகும் கோச்சியில், அதாவது ரயிலில், ஏறுங்கள். இடப்பக்க யன்னல். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கருங்கல் மட்டும்தான். கோட்டையில் இறங்கிக் காலிமுகத்திடலுக்கு நடங்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி அடுத்து வருபவர்களைக் கேட்டு அங்கே ஒரு கல்லில் பொறித்திருக்கிறார்கள். அந்தக் கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

அங்கே இறால் வடை. பருப்பு மாவைத் தட்டையாகத் தட்டி, ஓட்டோடு இரண்டு மூன்று இறாலை மேலே அழுத்திப் பொரித்து அடுக்கி வைத்திருப்பார்கள். அடுக்கில் இருப்பதை எடுக்காதீர்கள். "சுடச்சுடப் போட்டுத் தாங்கோ" என்று கேட்டால், திரும்ப எண்ணெயில் போட்டு எடுப்பார்கள், இறாலின் கால் மொறுமொறுவென்று நொறுங்கும். வெங்காயமும் மிளகாயும் மேலே தூவித் தருவார்கள். ஆறு மணிக்குச் சூரியன் இறங்கும்போது கையில் அது இருக்க வேண்டும். ஆனால் அங்கே கடலில் இறங்க விடாதீர்கள். குளிக்கக் கல்கிசைக்குப் போங்கள், அங்கேயும் எச்சரிக்கைக் கொடியின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான். திமிங்கிலம் பார்க்க ஆசை என்றால் தென்கரையில் மிரிசவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை காலம்.

என் தம்பியின் பிள்ளைகள் போன மார்கழியில் வந்தபோது நீர்கொழும்புக்கு வடக்கே கரைவலை இழுப்பதைப் பார்க்கக் கூட்டிப் போனேன். சின்னவனுக்கு எட்டு வயது. ஒருவர் கூப்பிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தார். அரை மணித்தியாலம் இழுத்தான். வலை கரையேறியதும் இரண்டு பாரைக் குஞ்சை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். வீடு வரை மடியில் வைத்திருந்தான்.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு, அக்கா: இந்தக் கரையில் மீன் மலிகிற காலத்தில் வீட்டில் என்ன சமைக்கிறது? மாமியிடம் கூழ் கேளுங்கள். கடையில் வாங்கிச் சாப்பிடுகிற எதுவும் அதற்கு ஈடாகாது. நண்டு, இறால், கணவாய், மீன் தலை, பயற்றங்காய், மரவள்ளி, ஒரு பிடி அரிசி எல்லாம் ஒரே பானையில் அவிய வேண்டும். அதற்குப் பிறகு அரைத்த செத்தல் மிளகாயும் புளியும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா கடைசியில்தான். அதை முதலே தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். மாவைக் கரைத்து ஊற்றியதும் கை விடாமல் துழாவுங்கள், நொடியில் அடிப்பிடிக்கும். முருங்கையிலை இறக்குவதற்குச் சற்று முன். வெள்ளவத்தைக் கடைகளில் ஒடியல் மா வாங்கலாம். பிள்ளைகளுக்கு உறைப்பைக் குறைத்து, நண்டுக் காலை உடைத்துக் கோப்பையில் போட்டுக் கொடுங்கள்.