முகப்பரு: மருத்துவரிடம் சொல்லாமல் விடும் பாதி

எல்லோருக்கும் வணக்கமுங்க. முகப்பருவை எப்படி விரட்டுவது என்று சொல்ல ஏற்கெனவே ஆயிரம் காணொளிகள் இருப்பதால், அது வந்தவருடைய அன்றாட வாழ்க்கையை என்ன செய்கிறது என்பதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். "வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும்" என்று நம் வீடுகளில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால், முகப்பரு நோயாளிகள் சொன்ன மன, சமூகச் சிரமங்கள், ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, மூட்டுவாதம் உள்ளவர்கள் சொன்னவற்றுக்கு இணையாக இருந்தன என்று 1999இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதை அளப்பதற்குத் தோல் மருத்துவர்களிடம் ஒரு கேள்வித்தாளே இருக்கிறது. எல்லாத் தோல் நோய்களுக்கும் பொதுவாக 1994இல் கார்டிஃப் நகரில் உருவாக்கப்பட்ட அதில் பத்தே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கடந்த ஒரு வாரத்தில் தோலை நினைத்துக் கூச்சப்பட்டீர்களா, உடுத்தும் துணியை அதற்காக மாற்றினீர்களா, கலந்து பழகுவது குறைந்ததா, வேலையோ படிப்போ கெட்டதா, சிகிச்சையே ஒரு தொல்லையாக இருந்ததா என்றெல்லாம் அது கேட்கிறது. முகத்தில் எத்தனை பரு என்று எங்கும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மொத்தம் 30க்கு 10ஐத் தாண்டினாலே பாதிப்பு மிக அதிகம் என்று பொருள்.

இதே கேள்விகளை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். சீர் வீட்டுக்குப் போனால், "ஏனம்மிணி, மூஞ்சியெல்லாம் என்னாச்சு?" என்று பந்தியிலேயே கேட்டு, சோற்றுக்கற்றாழையில் தொடங்கி வேப்பிலை வரை வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் பெரியவர்கள் இலையில் கை வைப்பார்கள். அக்கறையில் கேட்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த விசேஷத்துக்கு அந்தப் பெண் பரீட்சை இருக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுவாள். அவிநாசி ரோடு வழியாகக் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்: இடக் கன்னத்தில் பரு இருப்பதால், பேருந்தில் இடப்பக்க ஜன்னலோர இருக்கை கிடைத்தால்தான் உட்காருவாள், இல்லையென்றால் துப்பட்டாவைக் கன்னத்தோடு பிடித்தபடி நின்றுகொண்டே போவாள். அவளுக்கு இருப்பவை ஏழெட்டுப் பருக்கள்தான். பருவின் அளவும் மனவேதனையின் அளவும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. நம் மாநிறத் தோலில் பரு ஆறிய பின்னும் கரும்புள்ளிகள் மாதக்கணக்கில் நிற்பதால் வேதனையும் நீள்கிறது.

இந்த வேதனை தரும் அவசரம்தான் பலரை மருந்துச் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்க வைக்கிறது. முதலில் முகம் பளிச்சென்று ஆகும். நாளாக ஆகத் தோல் மெலிந்து, சிவந்து, பரு இன்னும் கூடும். முறையான சிகிச்சைக்கு இரண்டு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். (திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பருவுக்கு மருத்துவர் தரும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு பட்டால் பனியனின் சாயம் வெளுத்துவிடும், வெள்ளைத் துணியே போட்டுக்கொள்ளுங்கள்.)

ஆகவே மருத்துவரிடம் முகத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல், எந்தெந்த இடங்களுக்குப் போவதை விட்டுவிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சிகிச்சையை எவ்வளவு தீவிரமாகத் தொடங்குவது என்று முடிவெடுக்க அது உதவும். பருவுக்கு ஹார்மோன் கோளாறும் காரணமாக இருக்கலாம் என்பதால், மாதவிடாய் தள்ளிப்போனால் அதையும் மறைக்க வேண்டாம். மனம் மிகவும் சோர்ந்துபோனால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.