தேதியை மட்டும் நம்பி விதை போடாதீங்க

வணக்கம் நேயர்களே. தோட்டம் போடுறவங்க இப்பல்லாம் ஒரு சந்தேகம்னா உடனே வீடியோதான் பாக்குறாங்க. அதுல ஒருத்தர் "இந்த மாசம் தக்காளி விதை போட்டுடுங்க"ன்னு சொல்றாரு, இவங்களும் போட்டுடுறாங்க, ஆனா அவர் உலகத்துல எந்த மூலைலேந்து பேசுறாருன்னு யாரும் பாக்குறதில்ல. ஆஸ்திரேலியால வசந்தம் ஆரம்பிக்கிறதே செப்டம்பர்லதான், அப்போ ஐரோப்பால இலையுதிர் காலம் வந்துடும்.

சரி, பூமியோட வடக்கு பாதின்னா எல்லா இடமும் ஒண்ணான்னா அதுவும் இல்லங்க. லண்டனும் கனடால இருக்குற வினிபெக்கும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, சொல்லப்போனா லண்டன்தான் கொஞ்சம் வடக்க. ஆனா லண்டன்ல பிப்ரவரி மார்ச்லயே டாஃபடில்ங்கிற வசந்தப் பூ பூத்துடும், வினிபெக்ல ஏப்ரல்லயும் பனி கொட்டும், மே கடைசி வரைக்கும் உறைபனி பயம் இருக்கும். காரணம் கடல். தண்ணி மெதுவா சூடாகி மெதுவா ஆறும், அதனால கடல் காத்து அடிக்கிற ஊர்ல வசந்தம் நீளமா, நிதானமா வரும். கண்டத்துக்கு நடுவுல இருக்குற ஊர்ல அப்படி கிடையாது, நேத்து ஸ்வெட்டர், இன்னைக்கு வெயில்.

என்னைக் கேட்டா வசந்தத்துல ரொம்ப ஆபத்தானது குளிர் இல்ல, சீக்கிரமா வர்ற வெயில்தான். தூங்கிட்டு இருக்குற மொட்டு கடும் குளிரையும் தாங்கும், ஆனா அதுவே பூவா விரிஞ்சிடுச்சுன்னா மைனஸ் 2 டிகிரிலயே கருக ஆரம்பிச்சிடும். 2012ல அமெரிக்கால மிச்சிகன்ல மார்ச் மாசமே கோடை மாதிரி அடிச்சு ஆப்பிள் மரமெல்லாம் முன்னாடியே விழிச்சிடுச்சு, ஏப்ரல்ல உறைபனி வந்து அந்த வருஷ விளைச்சல்ல சுமார் 90 சதவீதம் போயிடுச்சு. 2021 ஏப்ரல்ல பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களுக்கும் இதே கதிதான். ராத்திரி முழுக்க வரிசையா மெழுகுவர்த்தி ஏத்தி வச்சாங்க, சில பேர் செடி மேல தண்ணியத் தெளிச்சாங்க. தண்ணி உறையும்போது வெளிய விடுற சூடு மொட்டை பூஜ்ஜியம் டிகிரி பக்கத்துலயே வச்சுக்கும், ஆனா தெளிக்கிறத நடுவுல நிறுத்தவே கூடாது. ஒரு வருஷ உழைப்பு ஒரே ராத்திரில போறதுங்கறது எவ்ளோ பெரிய வேதனைன்னு செடி வளக்குறவங்களுக்குத்தான் தெரியும்.

இதுக்குத்தான் ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கணக்கு இருக்கு. ஜெர்மனில மே 11லேந்து 15 வரைக்கும் பனிப் புனிதர்கள் நாள்னு சொல்வாங்க, அது தாண்டித்தான் தக்காளி நாத்த வெளிய நடுவாங்க. மெல்போர்ன்ல நவம்பர் முதல் செவ்வாய், குதிரைப் பந்தய நாள், அதுக்குள்ள தக்காளி மண்ணுல இருக்கணும்பாங்க. வெப்பமண்டலத்துல வசந்தம்னு தனியா ஒண்ணும் பெருசா இல்ல, அங்க முடிவு பண்றது மழைதான்.

இன்னொண்ணு, ஜோன் நம்பர் ஒண்ணா இருக்கேன்னும் அப்படியே நம்பிடாதீங்க. அமெரிக்க வேளாண் துறை மேப்ல இருக்குற அந்த நம்பர், குளிர்காலத்துல வெப்பநிலை சராசரியா எவ்ளோ கீழ போகும்னு மட்டும்தான் சொல்லும், வசந்தத்தப் பத்தி ஒண்ணும் சொல்லாது.

அப்போ எதப் பாக்கறது? மண்ணோட சூட்டப் பாருங்க. ஒரு தெர்மாமீட்டர காலைல 10 சென்டிமீட்டர் ஆழத்துல குத்தி, தொடர்ந்து சில நாள் கவனிங்க. பட்டாணி 5 டிகிரிலயே முளைக்க ஆரம்பிக்கும், பீன்ஸுக்கு 10, 12 வேணும், தக்காளிக்கு 15க்கு மேல இருந்தாத்தான் நல்லது. இது எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

ஆனா வெங்காயத்துக்கு மட்டும் சூடு சரியா இருந்தாலும் பத்தாது, அது பகல் நீளத்தப் பாத்துத்தான் கிழங்கு வைக்கும். பூமத்திய ரேகை பக்கத்துல இருக்குறவங்க ஷார்ட் டே ரகமும் (பகல் நீளம் குறைவா இருந்தாலே கிழங்கு வைக்கிறது), தூரத்துல இருக்குறவங்க லாங் டே ரகமும் (நீளமான பகல் வேணும்கிறது) பாத்து வாங்குங்க, பூமத்திய ரேகை பக்கத்துல லாங் டே ரகம் போட்டா வெறும் தாள்தான் வளரும், தூரத்துல ஷார்ட் டே ரகம் போட்டா சீக்கிரமே கிழங்கு வச்சு வெங்காயம் சின்னதா நின்னுடும். வணக்கம்.